149-ஆம் சேனல் காதில் விழாத ஹேண்ட்செட்டுகள்

எங்கள் மருத்துவமனைச் செவிலியர்கள் கையில் வைத்திருக்கும் 36 வைஃபை ஹேண்ட்செட்டுகளிலும் பத்து நாட்களாகத் தாழ்வாரத்தில் பேச்சு அறுபடவில்லை. இந்த நிலைக்கு வர ஏழு வாரங்கள் பிடித்தன. அவற்றில் நான்கு வாரங்களையாவது மிச்சப்படுத்தியிருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இரண்டாம் மாடியில் அறுவை அரங்கிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் தாழ்வாரத்தில்தான் சிக்கல். நடந்துகொண்டே பேசினால் பாதி வழியில் குரல் துண்டு துண்டாகிவிடும். இரத்த வங்கியை அழைத்த சிஸ்டர் ஒருவரிடம் மறுமுனையில் இருந்தவர் பாசிட்டிவா நெகட்டிவா என்று மூன்று முறை கேட்டும் பதில் விளங்கவில்லை. அவர் படியிறங்கி ஓடிப்போய் நேரில் சொல்லிவிட்டு வந்தார். அதைக் கேள்விப்பட்ட இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

விற்றவர்களின் தொழில்நுட்பர் வந்து பார்த்தார். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டில் ஒன்றைக் கருவியே தேர்ந்தெடுக்கும்படி அலைவரிசைத் தேர்வு ‘ஆட்டோ’வில் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள், கருவியில்தான் கோளாறு, சென்னைக்குக் கொண்டுவாருங்கள் என்றார். நம்பினேன். ஆறு ஹேண்ட்செட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு மதுரையிலிருந்து இரவு பஸ்ஸில் போனேன். சேவை மையத்தில் மாலைவரை காக்கவைத்து, கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் சோதித்த அறையில் இருந்ததோ ஒரே ஒரு அக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி). ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது வரும் சிக்கல், மாறுவதற்கே வழியில்லாத அறையில் எப்படித் தெரியும்? கேட்டேன், பதில் இல்லை. இப்படி மாறுவதுதான் ரோமிங். ரோமிங் புகார் என்றால் கருவியைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகாதீர்கள். அவர்களை உங்கள் தாழ்வாரத்துக்கு வரச் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் நானே அமைப்புகளைத் திறந்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) 1, 6, 11 மூன்றுதான். பார்வையாளர்களின் கைப்பேசிகள், புளூடூத் கருவிகள், கேன்டீனின் மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அந்த இடத்தில்தான் நெருக்கியடிக்கின்றன. ஆகவே ‘ஆட்டோ’வை நீக்கி ‘5 மட்டும்’, அதாவது 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் என்று வைத்தேன். வார்டுகளில் குரல் தெளிந்தது. ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் இதுவரை துண்டு துண்டாகவாவது வந்த பேச்சு அடியோடு அறுந்தது.

சிக்னல் குறைந்ததும் சீக்கிரம் மாறட்டும் என்று ரோமிங் எல்லையை மைனஸ் 60 டிபிஎம்முக்கு உயர்த்தினேன் (டிபிஎம் என்பது சிக்னல் வலுவின் அளவு; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்). இது என் தவறு. மேசையில் சும்மா கிடந்த ஹேண்ட்செட்டுகள்கூட இரண்டு அக்சஸ் பாயிண்டுகளுக்கு இடையே மாறி மாறித் தாவின. இரவுப் பணி முடியுமுன் பேட்டரி தீர்ந்தது. மூன்றாம் நாளே மைனஸ் 70-க்கு இறக்கினேன். புதியது 6 டெசிபெல்லாவது வலுவாக இருந்தால்தான் மாற வேண்டும் என்றும் சேர்த்தேன். அந்த எண்ணை அதன்பின் தொடவில்லை.

எப்போது, எதற்கு மாறுவது என்று முடிவெடுப்பது ஹேண்ட்செட்தான். அக்சஸ் பாயிண்டுகளை ஒருசேர நிர்வகிக்கும் கண்ட்ரோலர் யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் இத்தனை நாள் கண்ட்ரோலர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஹேண்ட்செட்டின் சோதனை மெனுவைத் திறந்து, அதற்குக் கேட்கும் அக்சஸ் பாயிண்டுகளின் பட்டியலைப் பார்த்தபடி தாழ்வாரத்தில் நடந்தேன். நடுவில் என் தலைக்கு நேர் மேலே ஒன்று இருக்கிறது. பட்டியலில் அது இல்லை. அதே இடத்தில் மடிக்கணினி அதை மைனஸ் 48 என்று காட்டியது. சேனல் 149.

அடுத்த பத்து நிமிடத்தில் விடை கிடைத்தது. ஹேண்ட்செட்டுகளின் நாட்டு அமைப்பு ஐரோப்பா என்று இருந்தது. அந்தத் தேர்வில் 149-இலிருந்து மேலே உள்ள சேனல்களை அவை தேடுவதே இல்லை. இந்தியாவில் அந்தச் சேனல்களுக்குத் தடை ஏதும் இல்லை. 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியும் 2018-இல் உரிமம் தேவையில்லாத அலைவரிசைகளில் அறிவிக்கப்பட்டது. ‘ஆட்டோ’வில் இருந்தவரை, 5-இல் எதுவும் கேட்காமல் நெரிசலான 2.4-க்கு விழுந்திருக்கின்றன. நான் அந்த வழியையும் அடைத்ததால் பேச்சு முழுதாக அறுந்தது. பெட்டியைப் பிரித்த நாளிலேயே விற்றவர்கள் பார்த்திருக்க வேண்டிய ஒரே வரி இது. என் கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் மாடலில் அந்த வரியைத் தொலைவிலிருந்து மாற்ற முடியாது. பணி மாறும் வேளைகளில் ஒவ்வொன்றாக வாங்கி, யூஎஸ்பி கம்பியில் மாட்டி மாற்றினேன். தலைமை சிஸ்டர் பதிவேடு போட்டு ஒன்றுகூடத் தப்பாமல் வரவழைத்தார். அவர் இல்லையென்றால் இன்னொரு வாரம் போயிருக்கும்.

கையோடு தேடும் சேனல்களையும் எட்டாகச் சுருக்கினேன்: 36, 40, 44, 48, 149, 153, 157, 161. 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். அங்கே ஹேண்ட்செட் தானாகக் குரல் கொடுக்காமல், அக்சஸ் பாயிண்டின் அறிவிப்புக்காகக் காத்துக் கேட்க வேண்டும். அறிவிப்பு வருவது ஏறத்தாழ 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. பேச்சின் நடுவே ஒவ்வொரு சேனலிலும் அவ்வளவு நேரம் நின்றால் காதுக்குத் தெரிந்துவிடும். அக்சஸ் பாயிண்டுகளின் வலுவையும் ஹேண்ட்செட் அளவுக்குக் குறைத்தேன். அது உரக்கப் பேசி இது மெல்லப் பேசினால், ஒரு பக்கக் குரல்தான் கேட்கும்.

விரைவாகத் தாவ உதவும் 802.11ஆர் வசதியை இயக்கும்போது எச்சரிக்கை தேவை. நாங்கள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வலைப்பின்னலை வைத்திருப்பதால், ஒவ்வொரு தாவலுக்கும் அவற்றைச் சரிபார்க்கும் சர்வர்வரை போய் வர வேண்டியிருந்தது. இதை இயக்கியதும் அந்தத் தாமதம் மறைந்தது. ஆனால் மருந்தகத்தின் பழைய டேப்லெட்டுகளால் இணையவே முடியவில்லை. காலை எட்டு மணிக்கு மருந்துச் சீட்டுகள் குவிந்தன. ஹேண்ட்செட்டுகளுக்குத் தனி வலைப்பின்னல் பெயர் வைத்தபின்தான் தீர்ந்தது. அதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

கடந்த வாரம் அதே சிஸ்டர் அறுவை அரங்கு வாசலிலிருந்து இரத்த வங்கியை அழைத்து, பேசிக்கொண்டே தீவிர சிகிச்சைப் பிரிவுவரை நடந்தார். நான் பின்னால் நடந்தேன். ஒரு சொல்லும் தவறவில்லை. லிஃப்டுக்குள் மட்டும் இன்னும் அறுகிறது. அதன் மேல்தளத்தில் ஓர் அக்சஸ் பாயிண்ட் வைக்க அனுமதி கேட்டிருக்கிறேன்.