டைசனின் கால்கள்

2024 நவம்பர் 15, வெள்ளி

நேற்று நாடாளுமன்றத் தேர்தல் வாக்களிப்பு, இன்று முடிவுகள். கொக்குவிலில் முடி வெட்டப் போனேன். சலூன் வானொலி ஆசனக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது; இளைஞர்கள் அதைக் கேட்காமல் ஒரு கைப்பேசியைச் சுற்றி நின்றார்கள். நாளைய குத்துச்சண்டைக்கு எடை பார்க்கும் மேடையில், முன்னாள் உலகச் சாம்பியன் மைக் டைசன், யூடியூபில் பேர் எடுத்துக் குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் போலின் கன்னத்தில் அறைந்த காட்சி. "பழைய டைசன் வந்துவிட்டான்!" என்று ஒருவன் துள்ளினான்.

டைசனுக்கு 58 வயது, போலுக்கு 27. ஒருவரை அறைவதற்குக் கால் வேண்டியதில்லை, எட்டுச் சுற்று நிற்பதற்குத்தான் வேண்டும். அதனால்தான் மூன்று நிமிடச் சுற்றை இரண்டு நிமிடமாக வெட்டியிருக்கிறார்கள். கையுறையும் வழக்கமான 10 அவுன்சுக்குப் பதிலாக 14, அடி மெத்தென்று விழ. இவ்வளவு சலுகையும் கொடுத்துவிட்டு, இதைத் தொழில்முறைச் சண்டை என்றே பதிவும் செய்யப்போகிறார்கள்.

நவம்பர் 16, சனி

காலையிலேயே பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் குத்துச்சண்டை பார்ப்பார். வர்ணனை கேட்டால் கண் மழுங்கிவிடுமாம். படம் நின்று நின்றுதான் வந்தது.

முதற்சுற்றில் டைசன் முன்னேறி வந்தார். பெரியப்பாவும் நாற்காலியின் நுனிக்கு வந்தார். மூன்றாவது சுற்றோடு டைசனின் வேகம் முடிந்தது. இருபது வயது டைசனின் பலம் தோளில் இருந்ததாக எல்லோரும் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குத்துவதற்கு முன் பக்கவாட்டில் ஒரு சின்ன எட்டு வைப்பார். தலை எதிராளியின் குத்துக்கு வெளியே போய்விடும். அந்தக் கோணத்திலிருந்து விலாவுக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று. இன்று தலை பழக்கதோஷத்தில் அசைந்தது, கால் மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தது. குத்து போய்ச் சேரும்போது ஜேக் போல் அங்கே இல்லை. இடையிடையே டைசன் கையுறையைக் கடித்துக்கொண்டு நின்றார்.

டைசனின் குத்துகளில் பட்டவை மொத்தம் 18, போலினுடையவை 78. கடைசி மணி அடிக்கும் முன்னரே ஜேக் போல் டைசனுக்குக் குனிந்து மரியாதை செய்தார். "பெடியன் இரக்கப்பட்டுவிட்டான்," என்றார் பெரியப்பா. இரக்கமோ களைப்போ, யார் கண்டது!

நவம்பர் 18, திங்கள்

மழை விடவில்லை. கடைக்கு ஆட்கள் வராததால் முகமது அலியின் பழைய சண்டைகளைப் போட்டுப் பார்த்தேன்.

1977 செப்டம்பரில் ஏர்னி சேவர்ஸுடன் 15 சுற்று. வென்றது அலிதான். ஆனாலும் அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ அதன்பின், சிறுநீரகம் பழுதாவதைக் காட்டிய பரிசோதனை முடிவை அலிக்கும் மனைவிக்கும் முகாமையாளருக்கும் அனுப்பி, போதும் நிறுத்துங்கள் என்று எழுதினார். ஒருவரும் பதில் போடவில்லை. பச்சேகோ விலகிக்கொண்டார். அலியின் காசில் வாழ்ந்த அந்தப் பெருங்கூட்டத்தில் எழுந்து போனவர் அவர்தான். மற்றவர்கள் கெட்டவர்கள் அல்லர், ஆனால் சாம்பியன் ஓய்ந்தால் அவர்களுக்கும் சம்பளம் இல்லை.

1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ், எதிரில் அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸ். அலிக்கு 38 வயது. நரைக்குச் சாயம் பூசி, உடம்பை இறக்கி வந்தவரைப் பார்த்து இதே வசனத்தைத்தான் சொன்னார்கள்: பழைய அலி! அந்த மெலிவில் தைராய்டு மாத்திரைக்கும் பங்கு இருந்தது. மாத்திரை உடம்பின் நீரையும் வற்ற வைத்தது. ஒரு சுற்றைக்கூட அவர் வெல்லவில்லை. ஹோம்ஸ் அடித்துவிட்டு நடுவரின் முகத்தைப் பார்க்கிறார், நிறுத்தமாட்டாரா என்று. பத்தாவது சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி போதும் என்றார். உதவியாளர் பண்டினி பிரவுன் அவருடைய மேற்சட்டையைப் பிடித்து இழுத்து இன்னுமொரு சுற்றுக் கேட்டார். டண்டி மசியவில்லை. அன்று அலி பக்கம் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப்போட்டி ஆடினார். பெரியப்பா தலைமன்னாரில் கப்பலேறிப் போய்ப் பார்த்தவர். என்ன கண்டீர்கள் என்று கேட்டால், "முன்வரிசைக்காரனின் தலையை," என்பார்.

நவம்பர் 22, வெள்ளி

1986இல் இதே தேதியில் டைசன் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாவது சுற்றிலேயே சாய்த்து, 20 வயதில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அலியின் கடைசிச் சண்டையில், 1981 டிசம்பரில், அவரை வென்றவர் இதே பெர்பிக். ஹோம்ஸையும் 1988இல் டைசன் நாலாவது சுற்றில் வீழ்த்தினார்; அப்போது ஹோம்ஸுக்கு 38. இவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றுதான் அடி வாங்கியிருக்கிறார்கள்.

வயதானவர்கள் மேடையேறக் கூடாது என்ற என்னைச் சலூன் நண்பர் குத்துச்சண்டைக்காரர் ஜோர்ஜ் ஃபோர்மனைக் காட்டி மடக்கப் பார்த்தார். உண்மைதான், 1994இல் 45 வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்திப் பட்டத்தைத் திரும்பப் பெற்றவர். ஆனால் ஃபோர்மன் இளமையிலும் காலை நம்பிச் சண்டை போட்டவர் அல்லர். கனத்த கையை வைத்துக்கொண்டு பொறுத்திருந்தார், பத்தாவது சுற்றில் மூரர் எதிரே வந்து நின்றார். அந்த ஒரு வெற்றி எத்தனை கிழவர்களை மேடைக்கு இழுத்திருக்கும்!

நவம்பர் 24, ஞாயிறு

சண்டைக்குப் பின் டைசன் சமூக வலைத்தளத்தில் எழுதியதைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஜூனில் சாகும் நிலைக்குப் போனாராம். எட்டு முறை இரத்தம் ஏற்றினார்களாம். மேடையேறியதில் வருத்தம் ஏதும் இல்லையாம்.

"இவனுக்கு உரிமம் கொடுத்தவன் யார்?" என்று கத்தினார் பெரியப்பா. பிறகு காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டு, "அடுத்தது யாரோடு? தேதி போட்டால் சொல்லு, தம்பி," என்றார்.