நோயாளியா, உடன் வந்தவரா, ஊழியரா? ஓர் ஆராய்ச்சியில் பெற்றோர் இடம்பிடித்த அனுபவம்

போன வாரம் என் வங்கிக் கணக்கில் 1,140 ரூபாய் வந்து சேர்ந்தது. ஒரு வழிக்கு 95 ரூபாய் வீதம் ஆறு முறை மருத்துவமனைக்குப் போய்வந்த பஸ் கட்டணம். அந்த ஆராய்ச்சிக்காக நாங்கள் கூடிய கடைசிக் கூட்டம் முடிந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. தொகைக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டவில்லை. "உங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?" என்று கேட்டுக் கேட்டே எங்களை அலைய விட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. இதே வழியில் வரப்போகும் பெற்றோருக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஏழு வயதில் முதல் வகை நீரிழிவு வந்தது. இப்போது பதினொன்று. ஒரு நாளைக்கு நான்கு ஊசி. அவனைப் பார்க்கும் டாக்டரம்மா சென்ற ஆண்டு என்னையும் வேறு நான்கு பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசினார். மாதாந்தரப் பரிசோதனைகளுக்கு நடுவே ஒரு செவிலியர் தொலைபேசியில் வழிகாட்டினால் பிள்ளைகளின் சர்க்கரை கட்டுக்குள் வருமா என்று ஆராயப் போகிறார்கள். "இதில் நீங்கள் ஆய்வுக்கு உட்படுகிறவர்கள் இல்லை. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதை எங்களோடு உட்கார்ந்து முடிவு செய்கிறவர்கள்" என்றார். நான்கு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. உடனே சம்மதித்தேன்.

முதல் கூட்டம் நன்றாகவே நடந்தது. பிரிட்டனில் 2004ல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பைப் பற்றி டாக்டரம்மா சொன்னார். எதை ஆராய வேண்டும் என்பதை நோயாளிகள், குடும்பத்தார், மருத்துவர்கள் எல்லோரும் சமமாக உட்கார்ந்து வரிசைப்படுத்துவார்களாம். அதே மாதிரி எங்கள் கையிலும் அட்டைகளைக் கொடுத்து, மனத்தை உறுத்தும் கேள்விகளை எழுதச் சொன்னார். நான் எழுதியது: "சித்திரை வெயிலில் கரண்ட் போனால் இன்சுலினை எங்கே வைப்பது?" பக்கத்தில் இருந்த அக்கா எழுதியது: "பள்ளியில் யார் ஊசி போடுவது?"

தொல்லை இரண்டாவது கூட்டத்தில் தொடங்கியது. காலை பத்து மணிக்குக் கூட்டம். நான் ஐந்தரைக்கே எழுந்து, மகனுக்கு ஊசி போட்டு, பள்ளிப் பையில் குளுக்கோஸ் பொட்டலத்தை வைத்துவிட்டு, இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கினேன். அறை பூட்டியிருந்தது. கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு எல்லோருக்கும் முந்தைய நாள் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஐந்து பேரில் மின்னஞ்சல் பார்க்கும் பழக்கம் ஒருவருக்குத்தான் உண்டு. அந்த வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோதே பள்ளியிலிருந்து போன். பையனுக்குச் சர்க்கரை 58க்கு இறங்கிவிட்டது. "மூன்று ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள்" என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். 94 என்று தகவல் வரும்வரை நான் உட்காரவில்லை. இவர்களுக்குக் கூட்டம் தள்ளிப்போவது நாட்குறிப்பில் ஒரு மாற்றம், அவ்வளவுதான். எங்களுக்கு அது ஒரு நாள் கூலி, ஒரு நாள் நிம்மதி. மறுநாளே டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். அதன்பின் எங்களுக்கான தகவல் எல்லாம் தொலைபேசியில்தான் வந்தது.

அடுத்து, ஆய்வில் சேருகிறவர்களுக்குக் கெடுதல் வராதா என்று பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு. ஆய்வுத் திட்டத்தை அங்கே வைத்தார்கள். பெற்றோர் ஐந்து பேரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது ஆய்வுக்கு உட்படும் நோயாளிகள் கையெழுத்திடும் படிவம். நாங்கள் ஆய்வை வடிவமைக்க வந்தவர்கள் என்று டாக்டரம்மா விளக்கக் கடிதம் எழுதி, அடுத்த கூட்டம்வரை காத்திருந்ததில் இரண்டு மாதம் போயிற்று. கடைசியில் பிறர் விவரங்களை வெளியே சொல்லமாட்டோம் என்ற உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் அந்தக் குழுவில்தான் எங்களுக்கு ஒரு நல்லதும் நடந்தது. 2019ஆம் ஆண்டு மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி இத்தகைய குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மருத்துவம் சாராத பொதுநபர். இங்கே அந்த இடத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. "இந்தத் தமிழ்ப் படிவத்தைப் பெற்றோர் யாராவது படித்துப் பார்த்தார்களா?" என்று அவர் கேட்டிருக்கிறார். யாரும் படிக்கவில்லை. அப்புறம்தான் அது எங்கள் கைக்கு வந்தது.

ஆறு பக்கம். இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "உங்கள் குழந்தை ஒரு பாடமாக இந்த ஆய்வில் பங்கேற்கும், சீரற்ற முறையில் ஒதுக்கப்படும்." எங்களில் ஒருவர், கொத்தனார் வேலை செய்கிறவர், அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "எங்கள் பிள்ளையை எதற்கு ஒதுக்குகிறார்கள்? நோய் வந்ததற்காகவா?" என்று கேட்டார். அறையில் யாரும் பேசவில்லை. அவர் மகளை ஊரில் ஏற்கெனவே ஒதுக்கித்தான் வைத்திருக்கிறார்கள்; கல்யாண வீட்டுப் பந்தியில்கூடத் தனியாக உட்கார வைத்தார்களாம். அந்த வார்த்தை அவருக்கு எப்படிப் பட்டிருக்கும்!

முறைப்படிதான் எல்லாம் செய்திருந்தார்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கும் மாற்றி ஒப்பிட்டு, இரண்டும் பொருந்துகின்றன என்று சான்றிதழும் இணைத்திருந்தார்கள். வார்த்தை பொருந்தியிருந்தது, படிக்கிறவர் மனத்தில் அது எப்படி விழும் என்று யாரும் பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து மாற்றினோம். "எந்தக் குழுவில் உங்கள் குழந்தை சேரும் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலக் கணினி முடிவு செய்யும். டாக்டரோ நீங்களோ தேர்ந்தெடுக்க முடியாது." இது அந்தக் கொத்தனார் அண்ணன் சொன்ன வாக்கியம், அப்படியே இப்போது படிவத்தில் இருக்கிறது. "தாழ்சர்க்கரை நிலை" என்று இருந்த இடங்களில் எல்லாம் "சர்க்கரை இறங்கிப்போவது" என்று போட்டோம். ஆறு பக்கம் நான்காகச் சுருங்கியது.

இன்னொரு வெற்றியையும் சொல்ல வேண்டும். ஆய்வில் சேரும் பிள்ளைகள் வெறும் வயிற்றில் காலை ஏழு மணிக்கு இரத்தம் கொடுக்க வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமானால் நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். இன்சுலின் போடும் பிள்ளையைச் சாப்பாடில்லாமல் பஸ்ஸில் கூட்டிவருவது ஆபத்து. "எந்தப் பரிசோதனைக்காக வெறும் வயிறு?" என்று கேட்டேன். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்காகவாம். அதற்கு வெறும் வயிறு தேவையே இல்லை. பழைய ஆய்வு ஒன்றின் திட்டத்திலிருந்து அந்த வரி அப்படியே ஏறி வந்திருக்கிறது. உடனே நீக்கினார்கள்.

எல்லாம் ஜெயிக்கவில்லை. பள்ளிக்குப் போகாமல் விட்ட நாட்களைத்தான் ஆய்வின் முதன்மை அளவுகோலாக, அதாவது பலன் கிடைத்ததா என்று முடிவு செய்யும் கணக்காக, வைக்க வேண்டும் என்று கேட்டோம். நீரிழிவு உள்ள பிள்ளைகள் தின்பண்டமும் மாத்திரையும் பொதுத்தேர்வு அறைக்குக் கொண்டுபோகலாம் என்று சிபிஎஸ்இ 2017லேயே சுற்றறிக்கை அனுப்பியது. எங்கள் பிள்ளைகள் படிப்பது மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில். அங்கே ஒவ்வொரு தலைமை ஆசிரியரிடமும் நாங்களே போய்க் கெஞ்ச வேண்டும். அதனால்தான் அந்தக் கணக்கு எங்களுக்கு முக்கியம். ஆனால் அதற்குள், ஆய்வுகளின் திட்டத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் இந்திய மருத்துவப் பரிசோதனைகள் பதிவேட்டில் ஹெச்பிஏ1சியை முதன்மையாகக் காட்டிப் பதிவு செய்துவிட்டார்கள். அதன்பின் முதன்மை அளவுகோலை மாற்றினால் ஆய்வின் நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளாகும் என்றார் டாக்டரம்மா. அவர் சொன்னது சரிதான். பள்ளி நாட்கள் இரண்டாம் இடத்தில் நிற்கின்றன. ஆகவே யாராவது உங்களை அழைத்தால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: பதிவு ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் கேள்வியை மாற்றும் காலம் கடந்துவிட்டது. சொற்களையும் நேரத்தையும்தான் மாற்ற முடியும்.

இனி அந்த 1,140 ரூபாய். கணக்குப் பிரிவுக்கு நான்கு முறை படியேறினேன். அங்கிருந்த எழுத்தர் முதல் முறை பாஸ்புக் நகல் கேட்டார். இரண்டாம் முறை பான் அட்டை. மூன்றாம் முறை பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "இங்கே மூன்று கட்டம்தான் இருக்கிறது, பாரும்மா. நோயாளி, உடன் வந்தவர், ஊழியர். நீங்கள் இதில் யார்?" ஆராய்ச்சிக் குழு என்றேன். "அப்படியானால் பணி நியமன உத்தரவு எங்கே?" என்றார். போதாக்குறைக்கு, "மகளிருக்குத்தான் பஸ் இலவசமாயிற்றே, எதற்குப் பயணப்படி?" என்றும் கேட்டார். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில்தான் இலவசம். ஊர்விட்டு ஊர் வரும் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். டிக்கெட்டுகளை நீட்டினேன். இரண்டில் எழுத்து முழுவதும் மறைந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தது. அவை செல்லாது என்று ஒதுக்கி வைத்தார். டிக்கெட் வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அந்த மை ஒரு கோடையைத் தாங்காது.

நான்காம் முறை டாக்டரம்மாவே உடன் வந்தார். ஆய்வுக்கு வருகிறவர்களின் பயணச் செலவை ஈடுசெய்யலாம் என்று சொல்லும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை வழிகாட்டியின் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். எங்கள் ஐந்து பேரின் பெயரும் வேலையும் எழுதிய கடிதத்தில் துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. அந்தக் கடிதம் முதல் நாளே என் கையில் இருந்திருந்தால் மூன்று நடை மிச்சம். நீங்கள் வாய்வார்த்தையை நம்பிக் கிளம்பாதீர்கள். உங்கள் வேலை என்ன, செலவை யார் தருவார்கள், எத்தனை நாளில் தருவார்கள், கட்டுரை வெளிவரும்போது உங்கள் பெயர் எங்கே வரும், இவற்றை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். ஒருவர் மட்டும் போகாதீர்கள்; குறைந்தது இரண்டு பெற்றோராவது சேர்ந்து போங்கள். எனக்கு வாய் வராத இடத்தில் அக்காவும் அவருக்கு வராத இடத்தில் நானும் பேசினோம்.

வீணாய்ப்போன அந்தப் பயணத்தின் கட்டணத்தையும் போராடிச் சேர்த்தே வாங்கினேன். எழுத்து மறைந்த டிக்கெட்டுகளுக்குத் துறைத் தலைவரின் வருகைச் சான்று ஈடானது.

சென்ற செவ்வாய்க்கிழமை மறுபடி அங்கே போயிருந்தேன். பதிவேட்டில் மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு, "ஆய்வுப் பங்காளர்" என்று நான்காவதாக ஒன்று எழுதியிருந்தது. அதில் முதல் பெயர் என்னுடையது. அன்றைய கூட்டம் அடுத்த ஆய்வுக்காக. பேசியது, கரண்ட் போனால் இன்சுலினை எங்கே வைப்பது என்ற என் அட்டையைப் பற்றி. பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் நாங்கள் இன்சுலினை வைப்பது அதில்தான். கோடையில் உள்ளே எத்தனை டிகிரி இருக்கிறது என்று எங்கள் வீடுகளிலேயே அளக்கப் போகிறார்கள். இன்னும் பதிவு செய்யவில்லை. எப்படி அளப்பது, எத்தனை முறை மணலை நனைப்பது என்று எங்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பங்குனி பிறப்பதற்குள் வெப்பமானிகளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பானைகளை நாங்கள் வாங்கிவிட்டோம்.