முகூர்த்த மாலையைக் காயவைக்கும்போது

முகூர்த்தம் முடிந்த மாலை கைக்கு வரும்போது பெரும்பாலும் நனைந்தேதான் வரும். பூக்கடையில் கட்டி முடித்ததும் வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்திருப்பார்கள். மண்டபத்தில் யாராவது மறுபடி தெளித்திருப்பார்கள். கழுத்தில் சில மணி நேரம், வியர்வை, ஓமச்சூடு, அட்சதை. பிறகு காரின் பின்சீட்டில் ஒரு பயணம். உலர்பூ வேலையில் இதைவிடக் கடினமான சரக்கு கிடையாது. ஆனால் ஒரு வீட்டில் பூவைக் காயவைத்துப் பத்திரப்படுத்த ஆசைப்படுகிறார்கள் என்றால், அநேகமாக அது இந்த மாலையாகத்தான் இருக்கும்.

தூத்துக்குடியிலிருந்து கப்பலேறும் உலர்பூச் சரக்கில் நெற்றும், காயும், புல்லும், தண்டும் நிறைய உண்டு. அவை செடியிலேயே பாதி காய்ந்தவை. தொழிலாக இதைச் செய்பவர்கள் காய ஒத்துக்கொள்ளும் பொருளைத் தேடிப் போகிறார்கள். கல்யாண வீட்டுக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் கழுத்தில் விழுந்த பூ எதுவோ, அதைத்தான் காப்பாற்ற வேண்டும். அதனால் எது நிற்கும், எது நிற்காது என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

மல்லிகை நிற்காது. இதழில் அடிபட்ட இடமெல்லாம் சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். எந்த முறையில் காயவைத்தாலும் வெள்ளை திரும்ப வராது. சம்பங்கி அதைவிட மோசம். இதழ் தடித்தது, நீர் அதிகம். காய்வதற்குள் கண்ணாடிபோல் ஆகிப் பிறகு கறுக்கும். வாடாமல்லிக்கு எந்தக் கவலையும் வேண்டாம். அதில் நாம் பூ என்று பார்ப்பது வண்ணமேறிய பூவடிச் செதில்கள். அவை பிறவியிலேயே காகிதம் மாதிரி. கோழிக்கொண்டையும் அப்படித்தான், தலைகீழாகத் தொங்கவிட்டாலே போதும். மரிக்கொழுந்து நிறம் மங்கினாலும் வாசனையை விடாது. நடுவில் இருப்பவை ரோஜாவும் சாமந்தியும். நம் உழைப்பு முழுவதும் இந்த இரண்டின் மீதுதான்.

மாலை வந்ததும் செய்ய வேண்டியது ஒன்றே: மேல் ஈரத்தைப் போக்குவது. நிழலில், மின்விசிறிக் காற்றில், செய்தித்தாளின் மேல் ஒரு மணி நேரம் பரப்பி வையுங்கள். இதழ்களுக்கிடையே தேங்கிய ஒரு துளி நீர் போதும், காயவைக்கும் பெட்டிக்குள் அந்த இடம் பழுப்புப் புள்ளியாக நிற்கும், அல்லது பூஞ்சை பிடிக்கும். அன்றே வேலையைத் தொடங்க முடியாவிட்டால் காய்ந்த செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றிக் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கக் கூடாது. உள்ளே வியர்த்து, மறுநாள் இதழ் கொழகொழத்துப் போகும். இப்படி வைத்தாலும் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். சாமி படத்துக்கு மூன்று நாள் போட்டுவிட்டுப் பிறகு எடுத்துவரும் மாலையில் இதழைத் தவிர வேறெதையும் மீட்பது கடினம்.

பிரிக்கும்போது பூவை இழுக்காதீர்கள். நாரையோ நூலையோ கத்தரியால் வெட்டுங்கள். கோத்த மாலையில் ஊசி ரோஜாவின் அடிப்பகுதியைத் துளைத்துப் போயிருக்கும், அங்கே இதழ்கள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். பூவைக் கவிழ்த்து, புல்லிவட்டமும் இதழும் சேரும் இடத்தில் வெள்ளைப் பசையைப் பல்குச்சியால் ஒரு சொட்டு வைத்து உலரவிடுங்கள். காய்ந்த பிறகு கொட்டும் இதழ்களை ஒட்டுவதைவிட இது பல மடங்கு எளிது. பன்னீர் ரோஜாவுக்கு இது கட்டாயம். மணம் அபாரமானது, ஆனால் தொட்டால் உதிரும். முக்கால் விரிந்த பூவைத் தேர்ந்தெடுங்கள். முழுக்க மலர்ந்ததில் மகரந்தம் கொட்டத் தொடங்கியிருந்தால் அதை இதழாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு ஏற்ற முறை, ஈரத்தை உறிஞ்சும் மணிகளான சிலிக்கா ஜெல்லில் பூவைப் புதைப்பது. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது மிளகு அளவு உருண்டை. அது இதழில் அம்மைத் தழும்புபோலப் பள்ளம் போடும். பொடி ரவை பருமனில் இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். 25 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழமுள்ள காற்றுப்புகாத டப்பாவுக்கு ஏறக்குறைய 3 கிலோ பிடிக்கும். அதில் ஆறு ரோஜா ஒன்றையொன்று தொடாமல் உட்காரும். அவ்வளவு ஜெல் எதற்கு என்று பலர் கேட்பார்கள். ஆறு பூவிலிருந்து வெளியேறும் நீர் 50 கிராம் இருந்தால் அதிகம். அதைக் குடிக்கக் கொஞ்சம் ஜெல்லே போதும்தான். மீதி எல்லாம் பூவைத் தாங்கிப் பிடிக்க. இதழில் நீர் வற்றும்போது அது சுருங்கி மடங்கப் பார்க்கிறது. எல்லாப் பக்கமும் சம அழுத்தம் இருந்தால் மடங்க இடம் இருக்காது. பூவின் வடிவத்தைக் காப்பது அந்தத் தாங்கல்தான்.

அடியில் மூன்று செ.மீ. ஜெல் பரப்பி, ரோஜாவை முகம் மேலே பார்க்கக் காம்புக் குழியில் நிறுத்துங்கள். காம்பு ஒன்றரை அங்குலம் இருந்தால் போதும். தண்டு தேவைப்படுமானால் மெல்லிய கட்டுக்கம்பியை இப்போதே அடியில் செருகிவிடுங்கள். காய்ந்த பூவில் செருகினால் வெடித்துவிடும். ஜெல்லைப் பூவின் தலைமேல் கொட்டாதீர்கள். முதலில் சுற்றிலும் ஒரு தேக்கரண்டி, பிறகு இதழ்களுக்குள் ஒரு தேக்கரண்டி, மறுபடி வெளியே. உள்ளும் புறமும் ஒரே மட்டத்தில் ஏற வேண்டும். வெளியே மட்டும் ஏறினால் பூ குவியும். உள்ளே மட்டும் ஏறினால் விரிந்து கிழியும். டப்பாவின் பக்கத்தில் விரலால் மெல்லத் தட்டினால் ஜெல் சந்துகளில் இறங்கும். பூ மறைந்ததும் மேலே இரண்டு செ.மீ. போதும். மூடியை டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். ஒற்றையடுக்கு இதழுள்ள தட்டையான பூக்களை மட்டும் கவிழ்த்து வைக்கலாம்.

சிறிய பூவுக்கு மூன்று நான்கு நாள், ரோஜாவுக்கு ஐந்திலிருந்து ஏழு நாள். சாமந்தியில் ஏமாற்றம் அதிகம்: இதழ் நான்காம் நாளே சலசலக்கும், ஆனால் அடியில் இருக்கும் தடித்த பூத்தளம் இன்னும் ஈரமாக இருக்கும். வெளியே எடுத்து வைத்தால் அந்த ஈரம் இதழுக்கு ஏறி, இரண்டு நாளில் மொத்தமும் துவண்டு உதிரும். விரல் சொல்வதை நம்பாமல் சமையலறைத் தராசை நம்புங்கள். ரோஜாவில் ஐந்தில் நான்கு பங்கு நீர். 10 கிராம் பூ காய்ந்தால் 2 கிராமுக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒரு கிராமுக்கும் கீழே காட்டும் தராசாக இருந்தால், ஒரு பூவை எடுத்து நிறுத்து, திரும்பப் புதைத்து, மறுநாளும் நிறுத்துப் பாருங்கள். எடை மாறவில்லை என்றால் முடிந்தது. அதற்கு மேலும் வாரக்கணக்கில் விட்டால் இதழ் அப்பளமாகிவிடும், தூரிகை பட்டாலே நொறுங்கும்.

எடுக்கும்போது டப்பாவைச் சாய்த்து ஜெல்லை மெல்ல வழியவிடுங்கள், பூ தானாக வெளியே தெரியும். காம்பைப் பிடித்து இழுக்கும் அந்த ஒரு நொடியில்தான் ஒரு வார வேலை வீணாகிறது. ஒட்டிய தூளை மென்மையான தூரிகையால் உள்ளிருந்து வெளியே துடையுங்கள். ஜெல்லை மூன்று நான்கு தடவை பயன்படுத்தியபின் மின் அடுப்பில் (ஓவன்) 120 டிகிரி செல்சியஸில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி தயார். நன்றாக ஆறிய பிறகே பூவை வைக்க வேண்டும். சூடான ஜெல் இதழைப் பொசுக்கும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நச்சு. ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். எந்த நிறமானாலும் சமைக்கும் பாத்திரத்தில் போடாதீர்கள், கொட்டும்போது முகக்கவசம் அணியுங்கள்.

செலவு கட்டாது என்றால் மணல் இருக்கிறது. லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் உலர்பூக் கைவினைக்குப் பயிற்சி தருவதும் மணலில் புதைக்கும் இந்த முறையையும் சேர்த்துத்தான். ஆற்றுமணலைக் கோலமாவுச் சல்லடையில் சலித்து, தண்ணீர் தெளியும்வரை கழுவி, மொறுமொறுவென்று காயவைக்க வேண்டும். கடல்மணல் ஆகாது, அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். எம்-சாண்ட் கூர்முனை உள்ளது, இதழைக் கீறும். இங்கே எல்லோரும் செய்யும் பிழை, சிலிக்காவைப் போலவே டப்பாவை மூடிவிடுவது. மணல் நீரைக் குடிக்காது, கடத்தி வெளியே விடும். அதனால் பெட்டி திறந்தே இருக்க வேண்டும். நிழலில் இரண்டு மூன்று வாரம். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் சில நாளிலேயே முடியும்; சாயங்காலம் தவறாமல் உள்ளே எடுக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெங்காரத்தை (போராக்ஸ்) மணலுக்குப் பதில் தனியாகப் பயன்படுத்தினால் நிறம் வெளுக்கும். மணலுடன் சரிபாதி கலந்தால் பரவாயில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓசூர் பக்கமிருந்து வரும் தாஜ்மகால் போன்ற அடர்சிவப்பு ரோஜா காய்ந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் போய்விடும். நீர் குறையக் குறைய அதே நிறமி சிறிய இடத்தில் செறிவதுதான் காரணம், நம் கைப்பிழை அல்ல. இளஞ்சிவப்பு காய்ந்தால் அழகான ரோஜா நிறம் வரும், வெள்ளை சந்தன நிறமாகும், மஞ்சளும் ஆரஞ்சும் அதிகம் மாறாது. மாலையைத் தேர்வு செய்யும் நிலையில் இன்னும் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வருத்தம் குறையும்.

மண்டபத்தில் நசுங்கிய பூக்களின் இதழ்களை வீசிவிடாதீர்கள். செய்தித்தாளுக்கு நடுவே ஒன்றின்மேல் ஒன்று படாமல் அடுக்கி, கனமான புத்தகங்களை மேலே வைத்து, முதல் வாரம் தினமும் தாளை மாற்றினால் மூன்று வாரத்தில் தட்டையாகக் காயும். வழவழப்பான பத்திரிகைத் தாள் ஈரத்தை உறிஞ்சாது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம் (உலர்தாவரத் தொகுப்பகம்) போன்ற இடங்களில் செடிகளைப் பல்லாண்டு காப்பதும் இதே அழுத்தமும் தாள் மாற்றமும்தான்.

இப்போது எல்லோரும் கேட்பது ரெசின், அதாவது கெட்டிப்பான் கலந்து ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் பிசின். ரெசினில் போட்ட பூ ஒரே மாதத்தில் பழுப்பாகிவிட்டது என்று வருபவர்களின் பூவில் அநேகமாக ஈரம் மிச்சமிருந்திருக்கும். மூடிய ரெசினிலிருந்து அது வெளியேற வழியே இல்லை. தராசுச் சோதனையில் தேறிய பூவை மட்டும் ரெசினில் போடுங்கள். பிசினும் கெட்டிப்பானும் எந்த விகிதம் என்பதைக் கண்ணால் மதிப்பிடாமல் டப்பாவில் எழுதியபடி அளந்து கலந்து, மெல்லிய அடுக்குகளாக ஊற்றுங்கள். ஒரே மூச்சில் தடிமனாக ஊற்றினால் உள்ளே சூடேறிப் பூ வெந்துவிடும்.

ரெசின் வேண்டாம் என்பவர்களுக்குக் கண்ணாடி முகப்புள்ள ஆழமான சட்டம் போதும். காய்ந்த பூ காற்றின் ஈரத்தைத் திரும்பக் குடிக்கும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்துவைத்த ரோஜா இரண்டே நாளில் தலை தொங்குவது இதனால்தான். சட்டத்தின் பின்புறம் ஒரு சிறு ஜெல் பையை மறைவாக ஒட்டி, விளிம்புகளை டேப்பால் அடைத்து, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். அடியில் பழுப்புத் தூள் கொட்டியிருந்தால் புகையிலை வண்டு புகுந்திருக்கிறது. பூவை எடுத்துக் காற்றுப்புகாத பையில் கட்டி உறைபெட்டியில் மூன்று நாள் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வர அரை நாள் விட்டு, பையின் வெளிப்புற வியர்வை முழுக்கக் காய்ந்த பிறகு திறந்து, ஜெல் பையைப் புதிதாக மாற்றிச் சட்டத்தை மறுபடி அடைத்துவிடலாம்.