தண்ணீர் எந்தப் பக்கம்?

கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் ஒரு சின்ன வழக்கறிஞர் அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, என் கைக்கு வந்த முதல் மேல்முறையீடு ஒரு ரயில் நிறுவனத்தின் மீதான கவனக்குறைவு வழக்கு. மழை நாளில் நடைமேடையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஓர் அக்கா, செஷன்ஸ் நீதிமன்றத்தில் தோற்றிருந்தார். "இந்தத் தடவை நல்லா சொல்லிடறேன் தம்பி" என்றார். மேல்முறையீட்டில் யாரும் அவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்கப் போவதில்லை, கீழ்க் கோர்ட்டில் பதிவானதை மட்டும்தான் படிப்பார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பதிவுகளைத் தட்டச்சு செய்து, பக்க எண் குத்தி, கட்டுவது என் வேலை. அக்கா தமிழில் சாட்சி சொன்ன அன்று நான் பின்வரிசையில்தான் இருந்தேன். "கூரை ஒழுகி தரை பூரா தண்ணி நின்னுச்சு, அதான் வழுக்கிடுச்சு" என்றார், நன்றாக நினைவிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொல்லி, நீதிபதி கையால் எழுதிய குறிப்பில் மிஞ்சியது 'சாயா தெர்கெலிஞ்சிர்', நான் வழுக்கி விழுந்தேன், அவ்வளவுதான். கூரையும் இல்லை, தண்ணீரும் இல்லை. யாரையும் குறை சொல்ல முடியாது, அன்று மதியத்துக்குள் இன்னும் 4 வழக்குகள் இருந்தன.

பாஸிடம் காட்டினேன். தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே பால்ஸ்கிராஃப் வழக்கைச் சொன்னார். 1924 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் கிளம்பிய ரயிலில் ஓடிப்போய் ஏறியவரை ரயில் ஊழியர்கள் தள்ளி ஏற்ற, அவர் கையிலிருந்த பொட்டலம் விழுந்தது, உள்ளே பட்டாசு. வெடித்ததில், தள்ளி நின்ற ஓர் அம்மா மீது எடை பார்க்கும் இயந்திரம் சாய்ந்தது. ஜூரி 6,000 டாலர் கொடுத்தது. 1928இல் மேல்முறையீட்டில் நீதிபதிகள் 4-க்கு 3 என்று பிரிந்து, அதுவும் போய்விட்டது. பொட்டலத்தில் பட்டாசு இருப்பது ஊழியருக்கு எப்படித் தெரியும் என்பது தீர்ப்பு எழுதிய நீதிபதி கார்டோசோவின் வாதம், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அம்மாவுடன் 2 மகள்களும் இருந்தார்கள், அப்புறம் அவருக்குத் திக்குவாய் வந்தது, இதெல்லாம் அந்தத் தீர்ப்பில் ஒரு வரிகூடக் கிடையாது. போதாக்குறைக்கு, வழக்குச் செலவையும் அவர் தலையில் கட்டினார்கள்.

விசாரணை அன்று உயர் நீதிமன்ற நீதிபதி கேட்ட முதல் கேள்வியே, "தண்ணீர் இருந்ததாகச் சாட்சியம் எந்தப் பக்கத்தில்?" பாஸ் என் பக்கம் திரும்பினார். எண் குத்தியவனே நான்தான், இல்லை என்று தெரிந்தும் ஒருமுறை புரட்டினேன்.

தள்ளுபடி. செலவுத்தொகை மட்டும் வேண்டாம் என்று பாஸ் வராந்தாவில் எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசிப் பார்த்தார், ஒத்துக்கொண்டார்கள்.