ஒரு நானோமீட்டருக்குள்

இன்று ஆய்வகத்தில், முடி போன்ற கண்ணாடிக் குழாயில் அமிலத்தைத் தொட்டு நின்ற பாதரசம், வோல்டேஜ் குமிழைத் துளி திருப்பியதும் சரசரவென்று நகர்ந்தது.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்க மனமே வரவில்லை.

1875இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லிப்மான் ஆராய்ந்தது இதைத்தான். மின்னேற்றம் மாறினால் பாதரசத்தின் பரப்பு இழுவிசையும் மாறும்.

அமிலத்தின் அயனிகள் உலோகத்தை ஒட்டிக் குவிகின்றன. இருப்பது ஒரு வோல்ட்தான். ஆனால் அது ஒரு நானோமீட்டருக்குள், அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்குக்குள், இறங்கினால், மின்புலம் மீட்டருக்கு நூறு கோடி வோல்ட்!

அங்கே தண்ணீர் சும்மா இருக்குமா? 1994இல் வெள்ளி மின்முனையில் எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்த்தார்கள். வெள்ளியில் எதிர் மின்னேற்றம் என்றால் தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜனை உலோகத்தின் பக்கம் திருப்புகின்றன. நேர் என்றால் ஆக்சிஜனை.

பேட்டரி, துரு, மின்னேற்றத்தைச் சேமிக்கும் சூப்பர் கெபாசிட்டர் எல்லாமே திடப்பொருளும் திரவமும் தொட்டுக்கொள்ளும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. பள்ளிப் பாடத்தில் இதற்கு இரண்டு பக்கமாவது கொடுக்கலாம்.