கறுப்பு மெசின் பழுதாகவில்லை, எண்ணெய்தான் இறுகிவிட்டது

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகளில் சுவரோரமாகத் துணி போர்த்திய ஒரு மேசை நிற்கும். அதன் மேல் பூச்சாடியோ பத்திரிகைக் கட்டோ இருக்கும். துணியை விலக்கினால் காலால் மிதிக்கும் தையல் மெசின். "அது ஓடாது, அம்மம்மா காலத்துச் சாமான்" என்பார்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் அசையாது, அல்லது களிமண்ணுக்குள் சுற்றுவது போலக் கனக்கும். பெரும்பாலும் உள்ளே எதுவும் உடைந்திருக்காது. யாரோ ஒரு காலத்தில் விட்ட தேங்காய் எண்ணெய் பிசினாகி மூட்டுகளைப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்துவிட்டால் அறுபது, எழுபது வருட மெசின் அதே நாளில் தைக்கத் தொடங்கும்.

சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877 இல். இங்கே வீடுகளில் இருக்கும் கறுப்புத் தலைகளில் (மேசைக்கு மேலே நிற்கும் மெசின் பகுதி) ஏராளமானவை ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. மாதிரி எண்ணுக்குப் பின்னால் வரும் 'கே' எழுத்து அந்தத் தொழிற்சாலைக்குரியது: 15கே, 66கே, 201கே. தலையின் வலது அடியில், தூண் நிற்கும் இடத்துக்கு அருகே தொடர் இலக்கம் பொறித்திருக்கும். 'ஈஏ', 'ஈபி' என்று ஈயில் தொடங்கும் இரண்டு எழுத்துகள் இருந்தால் ஏறத்தாழ 1930களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது. எழுத்தே இல்லாமல் வெறும் இலக்கம் என்றால் 1900க்கு முந்தியது. கிளைட்பேங்க் 1980 இல் மூடப்பட்டது. ஆனாலும் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சம் வரவில்லை. இந்திய, ஜப்பானிய, சீனக் கறுப்பு மெசின்களில் பெரும்பகுதி சிங்கர் 15 இன் நகல்கள். அதனால் 15 இன் பொபின் (அடிநூல் சுற்றும் சிறு உருளை), அதை வைக்கும் பொபின் கேஸ், ஊசி எல்லாம் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. இவை இன்னும் தைப்பதற்கு வார்ப்பிரும்பு உடல் நீடிப்பது ஒரு பாதிக் காரணம், புறக்கோட்டையில் பொபின் கேஸ் கிடைப்பது மறு பாதி.

உங்களுடையது எந்த வகை என்று பார்ப்பது லேசு. பொபின் கேஸ் இடது பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் வட்டமாக இருந்தால் 15 குடும்பம். ஊசித் தகட்டுக்கு அருகில் மேலிருந்து பொபினைப் போடுவதென்றால் 66, 99, 201 வரிசை. படகு போன்ற நீண்ட ஷட்டிலுக்குள் (மேல்நூலைப் பிடித்து அடிநூலோடு பின்னும் பாகம்) ஒல்லியான நீளப் பொபின் என்றால் 27, 28, 127, 128. கடைசி வகைக்கு மட்டும் உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டிவரும். அந்த நீளப் பொபின்களில் ஒன்றைக்கூடத் தொலைக்க வேண்டாம்.

இனி எண்ணெய். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், சமையல் எண்ணெய் எதையும் விடக் கூடாது. தாவர எண்ணெய் காற்றுப் பட்டு நாட்பட நாட்படத் தடித்துப் பிசினாகும். தேங்காய் எண்ணெய் 24 பாகையளவில் உறையவும் செய்யும். மார்கழி விடியற்காலையில் போத்தலுக்குள் வெள்ளையாக இறுகுவதை எல்லாரும் கண்டிருப்பீர்கள். அதே வேலைதான் தண்டுக்கும் துளைக்கும் நடுவிலும் நடக்கிறது. கார் எஞ்சின் எண்ணெயும் வேண்டாம், தடிப்பு அதிகம். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே இறுகியதைத் தளர்த்த உதவும். ஆனால் விரைவில் காய்ந்துவிடும், எண்ணெய்க்கு மாற்றல்ல. தையல் மெசின் எண்ணெய் என்றே சின்னப் போத்தலில் விற்கும் நிறமற்ற மெல்லிய கனிய எண்ணெய்தான் வேண்டும்.

இறுகிய மெசினை இளக்க இரண்டு நாள் ஒதுக்குங்கள். அடுப்போ விளக்கோ இல்லாத, காற்று வரும் இடத்தில் செய்யுங்கள், மண்ணெண்ணெய் தேவைப்படும். முதலில் ஊசி, துணியை அழுத்தும் பாதம், பொபின் கேஸ், ஊசித் தகடு ஆகியவற்றைக் கழற்றுங்கள். துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையில் தோல் போலப் படிந்திருக்கும் பஞ்சைக் குண்டூசியால் கிளறி எடுங்கள். பெல்ட்டையும் கழற்றிவிடுங்கள், அதில் ஒரு துளி பட்டாலும் வழுக்கும். தலையைப் பின்னால் சாய்த்து, பாமசியில் வாங்கும் சிரிஞ்சால் ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் இரண்டு மூன்று துளி மண்ணெண்ணெய் விடுங்கள். மேல் கையில் உள்ள துளைகள், இடது முகத் தகட்டைத் திறந்தால் தெரியும் ஊசித் தண்டு, அடியில் ஒன்றோடொன்று உரசும் ஒவ்வொரு மூட்டு, எதையும் விடாதீர்கள். ஓரிரு மணித்தியாலம் விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக ஆட்டுங்கள். முழுச் சுற்று வராவிட்டால் இன்னும் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். குறடு கொண்டு திருகுவதும் சுத்தியலால் தட்டுவதும்தான் உண்மையில் மெசினை உடைக்கின்றன. வார்ப்பிரும்பு வளையாது, வெடிக்கும்.

சுற்றத் தொடங்கியதும் மூட்டுகளிலிருந்து கபில நிறக் கசடு வழியும். பழைய பற்தூரிகையாலும் பருத்தித் துணியாலும் துடைத்து, திரும்ப மண்ணெண்ணெய் விட்டு, வழிவது தெளிவாகும் வரை செய்யுங்கள். அதன்பின் முழுக்கத் துடைத்து, எல்லாத் துளைக்கும் எண்ணெய் விட வேண்டும். மண்ணெண்ணெய்க்கு வழவழப்புக் கொடுக்கும் குணம் இல்லை. அதோடு விட்டுவிட்டு ஓட்டினால் உலோகம் உலோகத்தைத் தின்னும். துளைக்கு ஒரு துளி போதும். பத்து நிமிடம் வெறுமனே ஓட்டி, வெளியே வந்ததைத் துடைத்து, கழிவுத் துணியில் கொஞ்சம் தைத்துவிட்டுப் பிறகு நல்ல துணியை வையுங்கள். அடிக்கடி தைப்பவர்கள் வாரம் ஒரு முறை, எப்போதாவது தைப்பவர்கள் தைக்கும் முன் ஒரு முறை எண்ணெய் விட்டால் சரி.

முகத் தகட்டுக்குள்ளே ஊசித் தண்டைப் பிடித்திருக்கும் ஒரு திருகாணி தெரியும். அதைத் தொடாதீர்கள். ஊசி எந்த உயரத்துக்கு இறங்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அது ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஷட்டில் முனை நூல் வளையத்தைப் பிடிக்காது, தையல் விழாது.

கறுப்பு மேற்பரப்பில் பொன்னிற எழுத்தும் பூங்கொடி வேலைப்பாடும் இருந்தால் அவற்றின் மேல் மெல்லிய அரக்குப் பூச்சு இருக்கும். ஸ்பிரிட், கை கழுவும் சானிட்டைசர், கண்ணாடி துடைக்கும் திரவம், சோடா கலந்த சவர்க்காரம் எல்லாம் அந்தப் பூச்சைக் கரைக்கும். பூச்சுப் போனால் பொன்னிறம் வெள்ளியாக வெளுத்துவிடும், திரும்ப வராது. தையல் எண்ணெயில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைப்பது போதும். மண்ணெண்ணெயையும் மூட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெல்ட் பற்றி இரண்டு சொல். உருளைத் தோல் பட்டி, விட்டம் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடையில் கிடைப்பது ஏறத்தாழ 180 சென்டிமீட்டர். உங்கள் மேசைக்கு அது நீளமாக இருக்கலாம். அடிச் சக்கரத்தையும் தலைச் சக்கரத்தையும் சுற்றிப் பிடித்து அளந்து, நுனியிலிருந்து அரைச் சென்டிமீட்டர் தள்ளித் துளையிட்டு, கூட வரும் கம்பிக் கொக்கியை நுழைத்துக் குறடால் மடக்குங்கள். ஒரேயடியாக வெட்டாமல் ஒவ்வொரு சென்டிமீட்டராகக் குறைப்பதே நல்லது. விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். வீணைத் தந்தி போல இறுக்கினால் மிதிப்பது கனக்கும், தண்டின் துளைகளும் தேயும். புதுத் தோல் முதல் சில வாரங்களில் நீளும், மழைக்காலத்து ஈரத்தில் இன்னும் நீளும். அப்போது திரும்ப ஒரு சென்டிமீட்டர் வெட்டலாம்.

மிதிக்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி உங்களை நோக்கி வர வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் ஷட்டிலில் சிக்கி இறுகும். பழகும் வரை ஊசியில் நூல் இல்லாமல், பாதத்தைத் தூக்கி வைத்து, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

சக்கரத்தைக் கழற்றிப் பூட்டிய பிறகு சக்கரம் சுற்றியும் ஊசி அசையாத ஒரு கோளாறு உண்டு. நடுக் குமிழை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. அதற்குள்ளே மூன்று வெளிப்பற்களும் உள்ளே இரண்டு வளைந்த காதுகளும் கொண்ட வாஷர் இருக்கிறது. அதை எடுத்து அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டால் பிடிக்கும். இதற்காக மெசினைப் பழுதுபார்க்கக் கொண்டுபோய்க் காசு கொடுத்தவர்கள் நிறைய.

ஊசி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. எட்டு, பத்து மணித்தியாலத் தையலுக்கு ஒரு ஊசி மாற்ற வேண்டும். மெல்லிய வொயில் துணிக்கு 11, சாறிச் சட்டைக்கும் வெள்ளைப் பாடசாலைச் சீருடைக்கும் 14, டெனிமுக்கு 16 இலக்கம். ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாகவும் எதிர்ப்பக்கம் நீண்ட பள்ளமாகவும் இருக்கும். நூல் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் கண்ணுக்குள் நுழையும். எந்தப் பக்கம் என்று குழப்பம் வந்தால் ஊசிக்கு மேலே கடைசி நூல் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பள்ளமும் அதே பக்கம் பார்க்க வேண்டும். தையல் விட்டுவிட்டு விழுவதற்கு முக்கால்வாசிக் காரணம் ஊசி: திரும்பி இருக்கும், முழுக்க மேலே தள்ளாமல் பூட்டியிருக்கும், அல்லது முனை மழுங்கியிருக்கும்.

நூல் இறுக்கத்தைச் சரிபார்க்க மேலே ஒரு நிறமும் பொபினில் வேறு நிறமுமாகப் போட்டு, இரண்டாக மடித்த பருத்தித் துணியில் தையுங்கள். துணியின் அடியில் மேல்நூல் கொத்துக் கொத்தாக வளையமிட்டால் எல்லாரும் பொபினைத்தான் திட்டுவார்கள். தவறு மேலே. மேல்நூல் இறுக்கத் தட்டுகளுக்குள் இறங்கவில்லை, அல்லது இறுக்கம் போதாது. பாதத்தைத் தூக்கி வைத்து நூலைக் கோர்த்து, பாதத்தை இறக்கிய பின் இறுக்கத் திருகைத் திருப்புங்கள். பாதம் மேலே இருக்கும்போது தட்டுகள் விரிந்திருக்கும், அப்போது திருப்பி ஒன்றும் விளங்காது. பொபின் நூல் துணியின் மேலே எட்டிப் பார்த்தால் மேல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

பொபின் கேஸின் திருகாணியைத் தொடுவது கடைசி வேலை. தொடுமுன் அதன் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் தடித்த கடதாசியின் மூலையை நுழைத்து இழுங்கள். ஒரு நூல் துணுக்கு அங்கே இருந்தாலே இறுக்கம் கெட்டுவிடும். பிறகு நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாக விழக் கூடாது, லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். அப்படி இல்லையென்றால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். திருகாணி பொடியன், தரையில் விழுந்தால் கிடைக்காது, தட்டுக்கு மேல் வைத்துச் செய்யுங்கள். புதுக் கேஸ் வாங்கப் புறக்கோட்டைக்குப் போவதென்றால் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். கேஸிலிருந்து நீளும் விரல் 15இன் எல்லா நகல்களிலும் ஒரே கோணத்தில் இல்லை.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றுத்தான் எதிரி. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் ஜன்னலோரம் வைத்த மெசினில் முதலில் துருப்பிடிப்பது ஊசித் தகடும் அதன் பக்கத்து நகரும் மூடியும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. பிளாஸ்டிக் உறையால் மூட வேண்டாம், ஈரம் உள்ளே தங்கும். பழைய பருத்தி வேட்டித் துண்டு நல்லது. மேசையை ஈரச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மேசையில் ஒட்டிய மெல்லிய மரத்தகடு கிளம்பினால் மரப் பசை பூசிப் பாரம் வைத்து ஒரு நாள் விட்டால் ஒட்டும்.

மோட்டார் பூட்டுவது பலரின் விருப்பம், தவறில்லை. ஆனால் பழைய மோட்டார் கூடவே இருந்தால் அதன் ரப்பர் வயர் வெடித்திருக்கும். நமது மின்சாரம் 230 வோல்ட். எலக்ட்ரீஷியன் வயரை மாற்றாமல் செருகாதீர்கள். மிதிபலகையையும் கழற்றி எறிய வேண்டாம். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது காலால் மிதிக்கும் மெசின் வைத்திருந்தவர்களின் தையல் வேலை நிற்கவில்லை.

இப்போது கொழும்பில் அந்த வார்ப்பிரும்புக் காலுக்கு மட்டும் கிராக்கி. தலையைக் கழற்றிப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டுக் காலின் மேல் கண்ணாடியோ பளிங்கோ வைத்துச் சாப்பாட்டு மேசையாக்குகிறார்கள். தைக்கக்கூடிய தலையை இரும்பு விலைக்கு நிறுப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் தலை, கால், பெல்ட், மேசை லாச்சிக்குள் இருக்கும் பாதங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் தைப்பவர் ஒருவருக்குக் கொடுங்கள்.

பழையது வாங்கப் போகிறவர்கள் நான்கு இடம் பாருங்கள். ஊசித் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் 'டக் டக்' என்று ஆடக் கூடாது. பற்களின் நுனி விரலில் கூர்மையாகக் குத்த வேண்டும். மழுங்கியிருந்தால் துணி நகராது. ஷட்டில் ஓடும் வளையத்தில் துருக்குழி இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், அதை விட்டுவிடுங்கள். அடித்தட்டில் வெடிப்பு இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இறுகிப்போய்ச் சுற்றவே மாட்டாது என்பதற்காக மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தக் காரணத்தைச் சொல்லியே விலையைக் குறைத்து வாங்கலாம். ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் ஒரு சிரிஞ்சும் இரண்டு நாள் பொறுமையும் அதற்குப் போதும்.