பார்ஷியல் டிரேஸ் பிடிபட்ட பிறகு: குவாண்டம் தகவல் முதுநிலையில் இரண்டு ஆண்டுகள்

இளநிலையில் கணினி அறிவியல் படித்துவிட்டு, முதுநிலைக்குக் குவாண்டம் தகவலும் கணிமையும் எடுத்தேன். இயற்பியலைப் பள்ளியோடு விட்டவன் என்பதால் அதுதான் காலை வாரிவிடும் என்று பயந்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. ஹைட்ரஜன் அணுவைத் தீர்க்கத் தெரியாமலேயே இந்தப் படிப்பைத் தொடங்கலாம். நிலை என்பது கலப்பெண்களால் ஆன ஒரு வெக்டர், கேட் என்பது ஒரு யூனிட்டரி அணி, அளவீடு என்பது ஒரு நிகழ்தகவு விதி. இவ்வளவும் முதல் இரண்டு வாரத்திலேயே வந்துவிட்டது. என்னைத் திணறவைத்தது நேரியல் இயற்கணிதம். தேர்வுக்காக ஐகன் மதிப்பு கண்டுபிடித்த பழக்கம் இங்கே போதவே இல்லை.

முதல் இடைத்தேர்வில் அடர்த்தி அணி (ஒரு நிலையைப் பற்றி நமக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதும் அணி) பற்றிய கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். இரண்டு கியூபிட்டுகள் (குவாண்டம் கணினியின் பிட்டுகள்) பெல் நிலையில், அதாவது அளந்தால் இரண்டும் ஒரே விடை தரும்படி பிணைந்து, இருக்கின்றன; ஒன்றை மட்டும் பார்த்தால் அதன் நிலை என்ன? இதற்கு பார்ஷியல் டிரேஸ் எடுக்க வேண்டும், அதாவது மற்ற கியூபிட்டைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். சூத்திரம் மனப்பாடம், ஆனால் எந்தச் சுட்டெண்ணைக் கூட்டுவது, எதை விடுவது என்று ஒவ்வொரு முறையும் குழம்பினேன்.

அடுத்த வாரம் முழுக்க நூலகத்தில் அதை மட்டும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் வழி எளிமையாக இருந்தது. 4×4 அணியை நான்கு 2×2 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மூலைவிட்டத்தையும் கூட்டி, அந்தந்த இடத்தில் ஓர் எண்ணாக எழுத வேண்டும். அவ்வளவுதான், இரண்டாவது கியூபிட் கணக்கிலிருந்து போய்விடும். பெல் நிலையின் அணியில் நான்கு மூலைகளிலும் பாதி, மற்றதெல்லாம் பூஜ்யம். கூட்டிப் பார்த்தால் மேல் இடதில் பாதி, கீழ் வலதில் பாதி. நாணயத்தைச் சுண்டிவிட்டது போல, வேறெந்தத் தகவலும் இல்லை. முழு ஜோடியின் நிலையை நாம் துல்லியமாக அறிவோம், அதன் பாதியைப் பற்றி ஒன்றுமே அறியோம். பின்னல் (entanglement) என்ற சொல்லை எத்தனையோ முறை படித்திருந்தேன். அது என்னவென்று எனக்குப் புரிந்தது அந்த எட்டு வரிக் கணக்கில்தான். அன்று இரவு தூங்கப் போகவே மனம் வரவில்லை.

மறக்க வேண்டியதும் இருந்தது. ‘குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும்’ என்ற வாக்கியத்தோடுதான் நான் உள்ளே வந்தேன். குரோவர் 1996-இல் கொடுத்த தேடல் வழிமுறையைக் கையால் போட்டபோது அது உடைந்தது. 10 லட்சம் இடங்களில் ஒன்றைத் தேட சுமார் 785 சுற்றுகள் வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக முயல முடிந்தால் ஒரு சுற்று போதுமே! வர்க்கமூல அளவுக்குக் கீழே இறங்க முடியாது என்பதும் நிரூபிக்கப்பட்டது. உண்மையில் நடப்பது குறுக்கீடு: தவறான விடைகளின் வீச்சு (நிலை வெக்டரில் அந்தந்த விடைக்குரிய எண்; அதன் அளவின் வர்க்கம்தான் நிகழ்தகவு) ஒன்றையொன்று அடித்துக் குறைய, சரியானதன் வீச்சு ஏறுகிறது. சுற்றுகள் கூடிப்போனால் அதுவும் மறுபடி இறங்கிவிடும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் ஷோர் வழிமுறை, ஒரு கியூபிட்டின் நிலையை வேறிடத்துக்கு மாற்றும் டெலிபோர்ட்டேஷன், பழைய இயற்பியலின் எல்லையான 2-ஐக் குவாண்டம் 2.828 வரை தாண்டும் பெல் சமனின்மை எல்லாம் இரண்டாம் பருவத்தில் வந்தன. அடித்தளம் உறுதியாகியிருந்ததால் அவை அதிகம் படுத்தவில்லை. கஷ்டம் வந்தது சொந்தமாக ஒரு சிமுலேட்டர் எழுதியபோது. சிநாட் கேட் (முதல் கியூபிட் 1 ஆக இருந்தால் இரண்டாவதைப் புரட்டுவது) தலைகீழாக வேலை செய்தது. மூன்று நாள் தேடிய பிறகு தெரிந்தது, பாடநூல் முதல் கியூபிட்டை இடப்பக்கம் எழுதுகிறது, நான் ஒப்பிட்டுப் பார்த்த நிரல் நூலகம் வலப்பக்கம் வைக்கிறது. குவாண்டம் நிரல் எழுதத் தொடங்குகிறவர்கள் முதலில் இந்த வரிசையைச் சரிபார்த்துவிடுங்கள்.

நான் மனதைப் பறிகொடுத்த இடம் பிழை திருத்தம். கியூபிட்டை நகலெடுக்க முடியாது, அளந்தால் நிலை கலைந்துவிடும், பிழையோ எந்தக் கோணத்திலும் வரலாம். இப்படியிருக்க எதைத் திருத்துவது? ஒரு கியூபிட்டின் தகவலை மூன்றில் பரப்பிவைக்கும் மூன்று கியூபிட் குறியீட்டில் முதல் கியூபிட்டை ஒரு சிறு கோணம் திருப்பிவிட்டுக் கணக்குப் போட்டேன். நாம் கியூபிட்டுகளின் மதிப்பை அளப்பதில்லை. ஒன்றும் இரண்டும் ஒத்துப்போகின்றனவா, இரண்டும் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் கேட்கிறோம். அந்தக் கேள்வியே சிறு பிழையை ஒரு முடிவுக்குத் தள்ளுகிறது: ஒன்று, பிழை இல்லாமலே போகும், இல்லையென்றால் முழுதாகப் புரண்டிருக்கும். புரண்டதைத் திருப்பிவிடலாம். சேமித்த இரண்டு வீச்சுகளும் கலையாமல் அப்படியே நிற்கின்றன. தொடர்ச்சியான பிழையை அளவீடே ஆம், இல்லை என்று ஆக்கிவிடுகிறது. ஷோர் 1995-இல் 9 கியூபிட்டுகளைக் கொண்டு இதைப் பேஸ் பிழைக்கும் (வீச்சின் குறி மாறிவிடும் பிழை) சேர்த்துச் செய்துகாட்டினார். எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான விஷயம் இதுதான்.

ஆய்வேட்டுக்கும் அதையே எடுத்தேன். அப்புறம் உண்மையான கருவியில் ஒரு பெல் நிலையை 1,000 முறை ஓட்டினேன். தாளில் 00, 11 மட்டுமே வரும். கருவியில் 01, 10 என்றும் பல பத்து முறை வந்தன. இந்தத் தடவை அவை எங்கிருந்து வருகின்றன என்று எனக்குத் தெரிந்திருந்தது: கேட்டிலிருந்து கொஞ்சம், வாசிப்பிலிருந்து கொஞ்சம். அவற்றைப் பிரித்தறியவே அடுத்த நான்கு மாதங்கள் போயின. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க அந்தக் கணக்குதான்.